தள்ளு, இழு, கொடு, வாங்கு: ஆங்கில வினைச்சொற்களை விளையாடிக் கற்போம்

ஒரு வங்கிக்குப் போகிறீர்கள். கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறது. கையால் தள்ளுகிறீர்கள். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளுகிறீர்கள். அப்போதும் திறக்கவில்லை. பின்னால் நிற்பவர் சிரிக்கிறார். உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கதவில் நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. பி, யு, எல், எல். சேர்த்துப் படித்தால் 'புல்'. இழு என்று பொருள்.

இன்னொரு கதவில் வேறு நான்கு எழுத்துகள் இருக்கும். பி, யு, எஸ், ஹெச். சேர்த்துப் படித்தால் 'புஷ்'. தள்ளு என்று பொருள்.

இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றுதான். அதனால் பலரும் குழம்பிவிடுகிறார்கள். ஒரு வழி சொல்கிறோம். வயலில் புல்லைப் பிடுங்க என்ன செய்வோம்? பிடித்து இழுப்போம். 'புல்' என்றால் இழு. இனி மறக்குமா?

இழு, தள்ளு. இவை செயலைச் சொல்லும் சொற்கள். இவற்றை வினைச்சொல் என்கிறோம். ஆங்கிலத்தில் 'வெர்ப்' என்பார்கள். ஓர் ஆங்கில அறிவிப்பில் வினைச்சொல் எது என்று கண்டுபிடித்தால் போதும். அந்த அறிவிப்பு உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஆங்கிலம் என்றால் பயம் வேண்டாம். நீங்கள் தமிழில் 247 எழுத்துகளைப் பார்த்தவர்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் உண்டு. அவ்வளவுதான். எழுத்தை மெல்லக் கற்கலாம். இன்று காதாலும் வாயாலும் கையாலும் கற்போம்.

பத்துப் பேர் வட்டமாக உட்காருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சிறு சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முறம், ஒரு சொம்பு, ஒரு பூ எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

சொற்களில் எத்தனை வகை?

தமிழில் நான்கு வகைச் சொற்கள் உண்டு. பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல். தொல்காப்பியம் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது.

ஆங்கிலத்தில் எட்டு வகை என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எட்டையும் ஒரே நாளில் கற்க வேண்டாம். இன்று நான்கு போதும்.

ஒன்று, பெயரைச் சொல்லும் சொல். இரண்டு, செயலைச் சொல்லும் சொல். மூன்று, பெயர் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல். நான்கு, மேலே, உள்ளே, முன்னே, பின்னே என்று இடத்தையும் நேரத்தையும் காட்டும் சொல்.

விளையாட்டு 1: வாயில் இருக்கும் ஆங்கிலம்

"எனக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. உங்கள் வாயில் ஏற்கெனவே நிறைய ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன.

ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள். ஒருவர் அவற்றைச் சீட்டில் எழுதட்டும். பஸ், டிக்கெட், டாக்டர், லைட், சைக்கிள், ஸ்கூல் என்று வரும். ஸ்டார்ட், ஸ்டாப், வெயிட், கட், ரிப்பேர், சார்ஜ் என்றும் வரும். பத்துப் பேர் சொன்னால் ஐம்பது சொற்கள் வரை சேர்ந்துவிடும்.

இப்போது சீட்டுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெயர்ச்சொல் ஒரு பக்கம். வினைச்சொல் ஒரு பக்கம். எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'பண்ணு' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "வெயிட் பண்ணு." சரியாக வருகிறது. "ஸ்டார்ட் பண்ணு." சரியாக வருகிறது. "டாக்டர் பண்ணு." சிரிப்பு வருகிறது. "சைக்கிள் பண்ணு." அதுவும் சரியில்லை.

'பண்ணு' ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் வினைச்சொல். ஒட்டாவிட்டால் பெயர்ச்சொல். நாம் நாள்தோறும் பேசும் தமிழே நமக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறது.

சில சொற்கள் ஏமாற்றும். "லேட் பண்ணாதே", "லைட்டை ஆன் பண்ணு" என்கிறோம். லேட், ஆன் இரண்டும் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் அல்ல. இப்படிப்பட்ட சொற்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

விளையாட்டு 2: சொன்னால் செய்

குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது? அம்மா "வா" என்கிறாள். குழந்தை வருகிறது. "கொடு" என்கிறாள். கொடுக்கிறது. முதலில் கேட்கிறது. கேட்டபடி செய்கிறது. பிறகுதான் பேசுகிறது.

இதே முறையில் பெரியவர்களும் வேறு மொழியைக் கற்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியல் அறிஞர் இதை ஒரு பாடமுறையாகவே வகுத்தார். உடம்பு செய்ததை மனம் எளிதில் மறக்காது.

ஒருவர் நடுவில் நின்று ஆங்கிலத்தில் கட்டளை இடட்டும். மற்றவர்கள் வாய் திறக்காமல் செய்து காட்ட வேண்டும்.

சிட் என்றால் உட்கார்.
ஸ்டாண்ட் என்றால் எழுந்து நில்.
கம் என்றால் வா.
கோ என்றால் போ.
கிவ் என்றால் கொடு.
டேக் என்றால் எடுத்துக்கொள்.
ஓபன் என்றால் திற.
க்ளோஸ் என்றால் மூடு.
புஷ் என்றால் தள்ளு.
புல் என்றால் இழு.
ஷேக் என்றால் குலுக்கு.

முதல் நாள் ஆறு சொற்கள் போதும். அடுத்த நாள் மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டளை இடுபவர் மாறட்டும்.

எல்லோருக்கும் பழகியதும் ஒரு புதிய விதியைச் சேருங்கள். கட்டளைக்கு முன்னால் 'டு நாட்' என்று வந்தால் செய்யக் கூடாது. செய்தவர் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

"ஸ்டாண்ட்" என்றால் எழுந்து நிற்க வேண்டும். "டு நாட் ஸ்டாண்ட்" என்றால் நிற்கக் கூடாது. பேச்சில் இதைச் சுருக்கி 'டோன்ட்' என்பார்கள்.

இது வெறும் விளையாட்டு அல்ல. மின்சாரப் பெட்டியில் "டு நாட் டச்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'டச்' என்றால் தொடு. 'டு நாட் டச்' என்றால் தொடாதே. 'டச்' மட்டும் தெரிந்து 'நாட்' தெரியாவிட்டால் என்ன ஆகும்? உயிருக்கே ஆபத்து.

தமிழில் 'தொடாதே' என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் மறுப்பு தனிச் சொல்லாக முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே வினைச்சொல்லைப் பார்த்தவுடன் அதற்கு முன்னால் 'நாட்' இருக்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டு 3: மனிதர்களே வாக்கியம்

மூன்று பேர் முன்னால் வாருங்கள். மூன்று சீட்டுகளைக் கையில் பிடித்து வரிசையாக நில்லுங்கள். சீட்டுகளில் இப்படி எழுதியிருக்கட்டும்: நான், தண்ணீர், குடிக்கிறேன். இது தமிழ் வரிசை. செயல் கடைசியில் நிற்கிறது.

இப்போது ஆங்கிலச் சீட்டுகளைக் கொடுங்கள். ஐ என்றால் நான். வாட்டர் என்றால் தண்ணீர். டிரிங்க் என்றால் குடி. அதே வரிசையில் நின்றால் "ஐ வாட்டர் டிரிங்க்" என்று வரும். இது ஆங்கிலம் ஆகாது. கடைசியில் நிற்பவர் நடுவுக்கு வர வேண்டும். "ஐ டிரிங்க் வாட்டர்." இதுதான் ஆங்கில வரிசை.

தமிழில் வினை கடைசியில். ஆங்கிலத்தில் வினை நடுவில். கட்டளை என்றால் வினை முதலிலேயே வந்துவிடும். "டிரிங்க் வாட்டர்" என்றால் தண்ணீர் குடி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஆளுக்கு ஆள் வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'கேம்' என்ற ஒரே சொல்தான். இந்த இடத்தில் தமிழைவிட ஆங்கிலம் எளிது.

ஆனால் இன்று நடப்பதைச் சொல்லும்போது ஒரே ஒரு மாற்றம் வரும். அவன், அவள், அது என்று ஒருவரைப் பற்றிப் பேசினால் வினையின் கடைசியில் 'ஸ்' என்ற ஒலி சேரும். "ஐ டிரிங்க்" என்கிறோம். "ஷீ டிரிங்க்ஸ்" என்கிறோம். 'ஷீ' என்றால் அவள். 'ஹீ' என்றால் அவன். 'இட்' என்றால் அது.

இதற்குத்தான் பூ. 'ஐ' சீட்டுக்குப் பதிலாக 'ஷீ' சீட்டு வந்தால், வினைச்சொல்லாக நிற்பவர் பூவைக் கையில் எடுக்க வேண்டும். எல்லோரும் 'ஸ்' சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஐ' திரும்பி வந்தால் பூவைக் கீழே வைக்க வேண்டும். பத்து முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

விளையாட்டு 4: நேற்று, இன்று, நாளை

தரையில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். நேற்று, இன்று, நாளை என்று எழுதுங்கள். ஒருவர் 'வாஷ்' என்ற சீட்டை எடுக்கட்டும். 'வாஷ்' என்றால் கழுவு, துவை.

இன்று கட்டத்தில் நின்று "ஐ வாஷ்" என்று சொல்லுங்கள்.
நேற்று கட்டத்துக்குத் தாண்டி "ஐ வாஷ்ட்" என்று சொல்லுங்கள்.
நாளை கட்டத்துக்குத் தாண்டி "ஐ வில் வாஷ்" என்று சொல்லுங்கள்.

முடிந்துபோன செயல் என்றால் பல வினைச்சொற்களின் வாலில் ஈ, டி என்ற இரண்டு எழுத்துகள் சேரும். இனி நடக்கப்போகும் செயல் என்றால் முன்னால் 'வில்' வரும். வில்லிலிருந்து அம்பு முன்னோக்கித்தானே பாய்கிறது? நாளையும் நமக்கு முன்னால்தான் இருக்கிறது. அப்படி நினைவில் வையுங்கள்.

சில வினைச்சொற்கள் இந்த விதிக்கு அடங்காது. கம் என்பது கேம் ஆகும். கோ என்பது வென்ட் ஆகும். ஈட் என்பது ஏட் ஆகும். பே என்பது பெய்டு ஆகும். தமிழிலும் அப்படித்தானே? நட, நடந்தான் என்கிறோம். ஆனால் வா, வாந்தான் என்று சொல்வதில்லை. வந்தான் என்கிறோம். எல்லா மொழியிலும் முரட்டுப் பிள்ளைகள் சிலர் உண்டு. பழகப் பழகத்தான் அவர்கள் வழிக்கு வருவார்கள்.

இந்தக் கட்டத்தால் என்ன பயன்? உங்கள் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து செய்தி வருகிறது. அதில் 'டெபிட்டட்' என்று இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. 'க்ரெடிட்டட்' என்று இருந்தால் பணம் வந்துவிட்டது. இரண்டும் ஈ, டி என்றுதான் முடிகின்றன. செயல் முடிந்துவிட்டது என்று பொருள். நீங்கள் எடுக்காத பணம் 'டெபிட்டட்' என்று வந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

விளையாட்டு 5: சொம்பு எங்கே?

முறத்தையும் சொம்பையும் எடுங்கள். சொம்பை முறத்தின் மேல் வையுங்கள். 'ஆன்' என்று சொல்லுங்கள். முறத்துக்கு அடியில் வையுங்கள். 'அண்டர்' என்று சொல்லுங்கள். சொம்புக்குள் ஒரு புளியங்கொட்டையைப் போடுங்கள். 'இன்' என்று சொல்லுங்கள்.

இவை இடம் காட்டும் சொற்கள். நேரம் காட்டும் சொற்களும் உண்டு. 'பிஃபோர்' என்றால் முன். 'ஆஃப்டர்' என்றால் பின்.

தமிழில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்கிறோம். 'பின்' கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்டர் ஃபுட்' என்பார்கள். 'பின்' முதலில் வருகிறது. மருந்துச் சீட்டில் "ஆஃப்டர் ஃபுட்" என்று இருந்தால் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட வேண்டும். "பிஃபோர் ஃபுட்" என்று இருந்தால் சாப்பிடும் முன் போட வேண்டும். சில மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். வேறு சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். ஒரு சிறு சொல்தான். ஆனால் அதில் உடல்நலம் அடங்கியிருக்கிறது.

மருந்துப் புட்டியே பாடப் புத்தகம்

வீட்டில் இருமல் மருந்துப் புட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். பலவற்றில் "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று அச்சிட்டிருக்கும். நான்கே சொற்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷேக் என்றால் குலுக்கு. வினைச்சொல்.
வெல் என்றால் நன்றாக. எப்படிக் குலுக்குவது என்று சொல்கிறது.
பிஃபோர் என்றால் முன். நேரம் காட்டும் சொல்.
யூஸ் என்றால் பயன்பாடு. இங்கே பெயர்ச்சொல்.

"பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கு." ஏன் குலுக்க வேண்டும்? சில மருந்துகளில் மருந்துப் பொருள் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் குடித்தால் முதலில் மருந்து குறைவாக வரும். கடைசியில் அதிகமாக வரும்.

இப்போது தோலில் பூசும் மருந்தைப் பாருங்கள். "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி" என்று இருக்கும். யூஸ் என்பது பெயர்ச்சொல். எப்படிப்பட்ட பயன்பாடு? 'எக்ஸ்டர்னல்'. அதாவது வெளிப்புறமான பயன்பாடு. 'ஒன்லி' என்றால் மட்டும். வெளியே பூச மட்டும். குடிக்கக் கூடாது.

பெயர் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல்லை நாம் பெயரடை என்கிறோம். இந்தச் சொல் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயருக்கு முன்னால்தான் வரும். நல்ல தண்ணீர், 'குட் வாட்டர்'. பெரிய வீடு, 'பிக் ஹவுஸ்'. இதில் வரிசை மாற்றமே இல்லை.

நடித்துப் பாருங்கள்: ஒரு சிறு நாடகம்

மூன்று பேர் வாருங்கள். ஒருவர் அம்மா. ஒருவர் மகள். ஒருவர் போனில் பேசும் ஆள். அம்மா ஒரு பழைய தையல் மிஷினை விற்கப் பார்க்கிறார். போன் மணி அடிக்கிறது.

ஆள்: அக்கா, மிஷினை நானே வாங்கிக்கிறேன். இப்பவே பணம் அனுப்புறேன். உங்க போனுக்கு ஒரு படம் வந்திருக்கும். அதை ஸ்கேன் பண்ணுங்க. உங்க பின் நம்பரை அடிங்க. நாலாயிரம் ரூபாய் வந்துரும்.

அம்மா: சரிப்பா. இதோ அடிக்கிறேன்.

மகள்: அம்மா, நில்லும்மா! போன்ல என்ன எழுதியிருக்கு? படி.

அம்மா: பி, ஏ, ஒய். பே.

மகள்: பேன்னா என்னம்மா?

அம்மா: கொடு. பணம் கொடு. ஐயோ! அப்போ பணம் நமக்கு வராது. நம்மகிட்ட இருந்து போகும்!

ஆள்: அக்கா, சீக்கிரம் அடிங்க. எனக்கு நேரமாச்சு.

அம்மா: பணம் கொடுக்கிறவன் நீ. நான் எதுக்கு பின் நம்பர் அடிக்கணும்? போனை வைப்பா.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் பேசுங்கள். இரண்டு வினைச்சொற்கள் இங்கே முக்கியம். 'பே' என்றால் கொடு. 'ரிசீவ்' என்றால் பெற்றுக்கொள். பே என்றால் பணம் போகும். 'போ'வுக்கும் 'பே'வுக்கும் முதல் ஒலி ஒன்றுதான். அப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

யு.பி.ஐ. மூலம் பணம் பெற்றுக்கொள்ள பின் நம்பர் தேவையே இல்லை. பணம் அனுப்பத்தான் அது தேவை. "பணம் வர வேண்டும் என்றால் பின் நம்பரை அடி" என்று யார் சொன்னாலும் அது பொய். ஓ.டி.பி. வரும் செய்தியில் "டு நாட் ஷேர்" என்று இருக்கும். 'ஷேர்' என்றால் பகிர். 'டு நாட் ஷேர்' என்றால் யாரிடமும் சொல்லாதே. இப்படி யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சொல்லித் தருபவருக்கு ஒரு வார்த்தை

தவறாகச் சொன்னவரைப் பார்த்து யாரையும் சிரிக்க விடாதீர்கள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வருபவர்கள் அவர்கள். அவமானப்பட்டவர் மறுநாள் வரமாட்டார். சொல் தவறாக இருந்தாலும் செயல் சரியாக இருந்தால் கை தட்டுங்கள். உச்சரிப்பு பிறகு திருந்தும். இலக்கணப் பெயர்களைக் கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள். "இது என்ன செய்யச் சொல்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு

ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுங்கள். பின்பக்கத்தில் 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சிட்டிருக்கிறது. அதில் தமிழும் உண்டு. 'நூறு ரூபாய்' என்று இருப்பதை நீங்களே படிக்கலாம்.

இப்போது முன்பக்கம் திருப்புங்கள். ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்துக்கு மேலே ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கிறது. "ஐ ப்ராமிஸ் டு பே" என்று அது தொடங்குகிறது. 'ஐ' என்றால் நான். 'ப்ராமிஸ்' என்றால் உறுதி கூறு. 'பே' உங்களுக்குத் தெரியும். இந்த நோட்டை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தர உறுதி கூறுகிறேன் என்பது அந்த வாக்கியத்தின் பொருள்.

இத்தனை நாள் அந்த நோட்டு உங்கள் கையில் இருந்தது. உங்களுக்குத்தான் உறுதி சொல்லிக்கொண்டிருந்தது. இன்று அதை நீங்களே படிக்கிறீர்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஆங்கிலம் அச்சிட்ட மூன்று பொருள்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள வினைச்சொல்லைப் பார்த்து, அதே ஆங்கில எழுத்துகளில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

2. 'பண்ணு' சேர்த்துப் பேசும் பத்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள். அவற்றில் எவை வினைச்சொற்கள்?

3. ரயில் பெட்டியில் சங்கிலிக்கு அருகில் "டு ஸ்டாப் ட்ரெயின் புல் செயின்" என்று இருக்கும். இதில் இரண்டு வினைச்சொற்கள் உள்ளன. அவை யாவை? காரணமில்லாமல் அந்தச் சங்கிலியை இழுத்தால் என்ன ஆகும் என்று பேசுங்கள்.

4. 'பே', 'ரிசீவ்', 'டெபிட்டட்', 'க்ரெடிட்டட்'. இவற்றில் எவை பணம் போவதைச் சொல்கின்றன? எவை பணம் வருவதைச் சொல்கின்றன?

5. இன்று கற்ற சொற்களை இன்று இரவே வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.